ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்

கணினி பழுது பார்க்கும் கராபெத் மடிக்கணினியின் திரையை லமியா பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அவர் அவ்வளவு நேரம் துடைத்ததிலேயே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"மூணு விதமா தேடிப் பாத்துட்டேன் மதாம். ஃபைல் பேரு மட்டும் அங்கங்க நிக்குது. உள்ள வெறும் பூஜ்யம்."

"பேரு இருந்தா உள்ளயும் ஏதாவது இருக்கணுமே?"

"கல்லறையிலகூடத்தான் பேரு இருக்கு," என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க. மடையன் நான். என்னைக்கு அழிஞ்சுது?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமையே அணைச்சுட்டு என்கிட்ட ஓடி வந்திருந்தா பாதியாவது பிடிச்சிருப்பேன். நடுவுல திங்கள் போயிடுச்சே. லினக்ஸ் வாரா வாரம் திங்கக்கிழமை டிஸ்க்கைத் தானே கூட்டிப் பெருக்கிடும். அழிஞ்ச இடத்தை நெஜமாவே காலி பண்ணிடும்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "போன்ல அக்காவோட குரல் செய்தி எதுவும் இல்லையா?"

"அக்காவுக்கு அது பிடிக்காது. சுவர்கிட்டப் பேசுற மாதிரி இருக்கும்பா. எதுன்னாலும் கூப்பிட்டுத்தான் பேசுவா."

பூர்ஜ் ஹம்மூத் கடைத்தெருவின் நெரிசலில் அவள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். அது போன வாரம் இருந்த அதே எடையில்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

அக்கா நுஹாத்தின் தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும், குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். பேச்சுப் பயிற்சி தரும் பெண்தான் அந்த வழியைச் சொன்னாள். வெளிநாட்டில் ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களை வாசித்துப் பதிந்து அனுப்பினால், அந்தக் குரலிலேயே ஒரு நிரல் செய்து கொடுப்பார்கள். போனில் தட்டினால் போதும், அது நுஹாத்தின் குரலில் பேசும். மொழிபெயர்ப்பு வேலையில் கணினியோடு பழகியவள் என்பதால் பொறுப்பு லமியாவிடம் வந்தது.

மூன்று வாரம், நுஹாத்தின் படுக்கையறை ஜன்னலில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, ஜெனரேட்டர் சத்தம் ஓயும் நேரம் பார்த்துப் பதிந்தார்கள். அந்த வாக்கியங்களை எழுதியவன் மேல் நுஹாத்துக்குத் தீராத கோபம்.

"நீல நிறக் குடை யாருடையதுன்னு நான் யாரைடி கேக்கப் போறேன்? மருந்துக்கடைக்காரி நான். 'எத்தனை நாளா வயித்தால போகுது'ன்னு எழுதச் சொல்லு அவனை."

"வாசிக்கா. இன்னும் நாப்பது இருக்கு."

"என் தொண்டையை அறுக்கறதுக்கு முன்னாடி நீயே என்னைக் கொன்னுடுவ."

அந்தத் திட்டுகளையும் லமியா அழிக்காமல் சேர்த்து வைத்தாள்.

சனிக்கிழமை நடந்தது ஒரு நொடி வேலை. பிப்ரவரியில் மடிக்கணினி செத்துப்போனபோது கராபெத் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். வெளி டிஸ்க்கில் இருந்த பழைய கோப்புகளையெல்லாம் ஒரே கட்டளையில் உள்ளே கொண்டுவந்தார். இங்கே இருப்பது அங்கே, இங்கே இல்லாதது அங்கேயும் இருக்காது. ஆர்சிங்க் என்ற அந்த நகலெடுக்கும் கருவியின் சுத்தம் லமியாவுக்குப் பிடித்திருந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து நுஹாத் வீடு திரும்பிய இரண்டாம் நாள், பதிவுகளை டிஸ்க்கிலும் ஒரு பிரதி வைத்துவிடலாம் என்று, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தாள். புதிதாகத் தட்டச் சோம்பல். கறுப்புத் திரையில் வேலை செய்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். மேல் அம்புக்குறி விசையை அழுத்தி அழுத்திப் பழைய கட்டளைகளைப் புரட்டினாள். ஆர்சிங்க் என்று தொடங்கும் வரி வந்தது. கோப்புறையின் பெயரும் இருந்தது, டிஸ்க்கின் பெயரும் இருந்தது. எது முன்னால், எது பின்னால் என்று அவள் பார்க்கவில்லை. அது பிப்ரவரி மாத வரி. நுஹாத்தின் குரல் இல்லாத டிஸ்க்கைப் போலவே மடிக்கணினியையும் ஆக்கிவிடு என்று சொல்லும் வரி.

நுஹாத் ஒன்று, நுஹாத் இரண்டு, நுஹாத் மூன்று என்று கோப்புகளின் பெயர்கள் திரையில் ஓடின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'அழிக்கிறேன்' என்று அது நேர்மையாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள் எண்களை மட்டும் பார்த்தாள். எவ்வளவு வேகமாகப் பிரதி எடுக்கிறது என்று மகிழ்ந்து, காபி போட எழுந்து போனாள். கோப்புறை காலி என்று தெரிந்தது செவ்வாய்க்கிழமைதான்.

ஏன் முன்பே அனுப்பவில்லை? கராபெத் கேட்காத கேள்வி அது. வழியெல்லாம் அவளே கேட்டுக்கொண்டு வந்தாள். இருமலையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது என்பது ஒரு பதில். அது பொய்யில்லை, ஆனால் முழுதும் இல்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் அக்கா அவளுக்கு மட்டும் பேசினாள். தெரு முழுவதற்கும் சொந்தமான குரல், கடைக்கு வருகிறவர்களெல்லாம் பங்கு போட்டுக்கொண்ட குரல், முதல் முறையாக அவளிடம் மட்டும் இருந்தது. வெட்டி முடித்த பிறகும் அவள் வெட்டிக்கொண்டே இருந்தாள். அனுப்பிவிட்டால் அது எல்லோருடையதும் ஆகிவிடும்.

நுஹாத்தின் வீடு மருந்துக்கடைக்கு மேல் மாடியில். கதவு திறந்தே இருந்தது. கழுத்தில் மூச்சு விடும் துளைக்கு மேல் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு, மடியில் பிள்ளைகள் எழுதி அழிக்கும் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். லமியாவைப் பார்த்ததும் எழுதித் தூக்கிக் காட்டினாள்.

'என் குரல் எப்ப வரும்? திட்ட வேண்டிய ஆளுங்க வரிசையில நிக்குது.'

"அழிஞ்சு போச்சுக்கா," என்றாள் லமியா. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நின்றபடியே சொன்னாள். "நான்தான் அழிச்சேன். தெரியாமத்தான். ஆனா நான்தான்."

நுஹாத்தின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. 'பயமுறுத்தாதே கழுதை' என்று எழுதினாள். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தாள். பேனாவைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

அவள் வாய் திறந்தது. உதடுகளின் வடிவத்திலேயே தெரிந்தது, லமியா என்று கத்துகிறாள். கழுத்துத் துணி மட்டும் ஒருமுறை உப்பி அடங்கியது.

அந்த உதடுகளுக்குள் குரலை வைத்துப் பார்க்க லமியா முயன்றாள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பத்து முறை, இருபது முறை கேட்டவள். வரவில்லை. ஒலியை வெட்டும்போது திரையில் தெரியும் பச்சை நிற முட்கள்தான் கண்ணுக்குள் வந்தன.

நுஹாத் பலகையை அழித்துவிட்டு எழுதினாள். 'தேடு.'

"தேடியாச்சுக்கா. கராபெத்தும்…"

பலகையை விரலால் தட்டினாள். 'தேடு.'

லமியா மடிக்கணினியைத் திறந்து மேசை மேல் வைத்தாள். தேடும் கட்டளையைத் தட்டி, நுஹாத்தின் பெயரைக் கொடுத்தாள். அடுத்த வரியில் வெறும் கோடு மின்னியது. நுஹாத் பின்னால் வந்து நின்றிருந்தாள். அந்தத் துணி வழியாக வரும் மூச்சு லமியாவின் காதோரம் பட்டது.

'என்ன சொல்லுது?' என்று பலகை அவள் முகத்துக்கு முன்னால் வந்தது.

"ஒண்ணும் சொல்லாதுக்கா. தேடினது இல்லன்னா அது ஒண்ணுமே சொல்லாது."

நுஹாத் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். கீழே கடை வாசலிலிருந்து யாரோ, தெருவே அவளுக்கு வைத்த பெயரில், "டாக்டரம்மா! நுஹாத் டாக்டரம்மா! உடம்பு தேவலையா?" என்று கூப்பிட்டார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். லமியா எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை.