எஞ்சினியர் எண்டே சொல்லுங்கோ

“எஞ்சினியர் எண்டே சொல்லுங்கோ,” என்று யோகராஜா தொலைபேசியில் அழுத்திச் சொன்னார். விடியற்காலை மாரடைப்பில் போய்விட்ட மனைவி பேர்ணடெட்டின் மரண அறிவித்தலைத் தமிழ் வானொலிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் பெயரோடு உத்தியோகமும் வராவிட்டால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அது ஒரு அறிவித்தலே இல்லை. உள்ளபடி மகனை ‘பாலே நடனக்காரர்’ என்று வாசித்தால் ஹென்டர்சன் ஊர்ச் சனம் முழுக்கச் சிரிக்குமே!

திரும்பினால் கதவடியில் மகன் றொய்ஸ்டன் தேத்தண்ணியோடு நின்றான். எல்லாம் கேட்டுவிட்டது. கோப்பையை மேசையில் வைத்து, “ட்றிங்க் இட், அப்பா,” என்றான். கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

மறுநாள் மலர்ச்சாலையில், பேர்ணடெட்டின் உடலுக்கு முன்னால் ஜெபமாலை முடிந்தது. சனம் பெட்டியைச் சுற்றி நின்றது. பேர்ணடெட்டின் சிநேகிதி ஸ்வர்ணா மூக்கைத் துடைத்தபடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. போன சனிக்கிழமை வெஸ்ட்கேட்டுக்குச் சாமான் வாங்கப் போறமெண்டு சொல்லிப்போட்டு, நானும் அக்காவும் றொய்ஸ்டன் தம்பியின்ர ஆட்டம் பாக்கப் போனனாங்கள். ஆட்டத்தின்ர கதை நடக்கிறது கிரேக்கத்தில ஒரு மீன்பிடி ஊரில. ரெண்டு சிநேகிதர், ரெண்டு பேருக்கும் ஒருத்தியிலதான் விருப்பம். ஒருத்தன் கடலில செத்துப்போறான். எங்கட தம்பிதான் மற்றவன். போட்டியெல்லாம் விட்டிட்டு, பிரேதத்தைத் தோளில தூக்கிக்கொண்டு ஊருக்குள்ள வாறான். ஒரு கதை பேச்சில்லை, ஆனா சனம் அழுதது. அக்கா என்ர கையை விடேல்லை. ‘இவரும் வந்திருக்கலாம்’ எண்டவா.”

பேர்ணடெட் அவரையும் கூப்பிட்டவள்தான். “இறுக்கின காற்சட்டையோட ஆம்பிளைப் பிள்ளை துள்ளுறதை நான் வந்து பாக்கோணுமோ?” என்று கேட்டவர் இவர். பெற்ற பிள்ளையைப் பார்க்க அவள் களவாகப் போயிருக்கிறாள். யோகராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சதாசிவம் றொய்ஸ்டனின் கையைப் பிடித்தார். “ரேடியோல கேட்டேன் தம்பி. எஞ்சினியராமே! எங்க வேலை பாக்குறீங்க?”

யோகராஜா எழுந்தே விட்டார். இப்போது உண்மையைச் சொல்லாவிட்டால் இனி எப்போது சொல்வது? வாயும் திறந்தது. சனம் திரும்பிப் பார்த்தது. மகனும் பார்த்தான். சொல் மட்டும் வரவில்லை.

எதைக் கேட்டாலும் இங்கிலீஷில் பதில் சொல்லுகிறவன், எல்லாருக்கும் விளங்குகிற தமிழில் சொன்னான்: “ஓம் அங்கிள். ஈஸ்ட் டாமாக்கியில, ஒரு ஃபாக்டரியில.”

“குடுத்து வச்சவர் சார் நீங்க,” என்றார் சதாசிவம்.

யோகராஜா வாசல் பக்கம் திரும்பினார். றொய்ஸ்டன் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அவர் கையை மெல்ல இழுத்துப் பார்த்தார். மகன் விடவில்லை.