தொண்டை கட்டிய நாள்

சுப்பிரமணிக்கு வாய்தான் சொத்து. திருத்தணி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த அவர், நாலு தெருப் பஞ்சாயத்தையும் தீர்த்துவைப்பார். தீர்ப்பதென்றால் வேறொன்றுமில்லை, இரண்டு கட்சியும் வாயைத் திறப்பதற்கு முன்பே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத் தீர்ப்பைச் சொல்லிவிடுவதுதான். அந்த வாய் சொந்த மச்சினன்மாரிடம் மட்டும் பலிக்கவில்லை.

பொதட்டூர்பேட்டையில் ஒரே சுவருக்கு இருபக்கமும் தறி போட்டிருந்த ஜம்புலிங்கமும் அவன் தம்பி சிங்காரமும் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பேசுவதில்லை. அண்ணன் பவர்லூம் வாங்கினான். சுவர் அதிர்ந்து தன் கைத்தறியில் இழை அறுகிறது என்று தம்பி குதித்தான். சுப்பிரமணி மூன்று முறை போய்க் கத்திவிட்டு வந்தார். மூன்று முறையும் சண்டை வளர்ந்ததுதான் மிச்சம்.

அடுத்த வாரம் அவர் மகள் வரலட்சுமிக்குக் கல்யாணம். ஒருவன் வந்தால் மற்றவன் வரமாட்டானாம். தாய்மாமன்கள் கைப்பிடித்து அழைத்து வராமல் பெண் மணவறைக்கு எப்படி வருவாள் என்று அவர் மனைவி காஞ்சனா அழுது தீர்த்தாள். தைக் கிருத்திகைக்கு மலைக்கு வந்திருந்த தம்பிகள் இருவரையும் மறுநாள் காலை பிடித்து வந்து கூடத்தில் உட்கார வைத்ததும் அவள்தான்.

சுப்பிரமணி வாயெடுத்தார். காற்றுதான் வந்தது. முந்தின நாள் படிக்குப் படி அரோகரா போட்டதில் தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. முருகா, இன்றைக்கா இந்தச் சோதனை என்று நொந்துபோனார். வேறு வழியில்லாமல் அவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார்.

சிங்காரம் சுவரில் ஆரம்பித்தான். குறுக்கே விழ ஆளில்லாததால் பேசிக்கொண்டே போனான். சுவர் முடிந்தது, இழை முடிந்தது. பிறகு அக்கா புருஷனைப் பார்த்துக் குரலை இறக்கினான்.

"சுவரு கெடக்குது வுடுங்க பாவா. உங்க கடையில தீபாவளிச் சரக்கு போட்டுட்டு, ரெண்டு நாள் அங்கயே இருந்துட்டு வூடு திரும்பறேன். பக்கத்து வாசல்ல வாழமரம். மிஷினுக்குப் பூசையாம். ஊரே சாப்ட்டுகினு இருக்குது. என்னை ஒரு வார்த்தை கூப்புடல."

சுப்பிரமணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. சண்டை சுவரைப் பற்றியே இல்லையா! இத்தனை நாள் இது எங்கே கிடந்தது? சாமி முன்னால் நிற்பதுபோல் அசையாமல் இருந்தார். பிறகு ஜம்புலிங்கம் பக்கம் மெல்லக் கையைக் காட்டினார்.

"கூப்புடலையா? தம்பி வரட்டும்னு தேங்காய கையில வெச்சிகினு ரெண்டு மணி நேரம் நின்னேன் பாவா. நேரம் போவுதுன்னு ஐயர் திட்டினாரு. மிஷின் திடீர்னு வந்து எறங்கிச்சி, நாளைக்குப் பூசை, அவன பஸ் ஏத்தி அனுப்புங்கன்னு உங்க கடைக்குத்தானே போன் போட்டேன்? ஆங், அனுப்பறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இரண்டு தலைகளும் ஒன்றாகச் சுப்பிரமணி பக்கம் திரும்பின.

தீபாவளிக் கூட்டம், கடை நிறைய ஆள், காதில் போன். எல்லாம் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! ஒரு தடவையாவது ஜம்புலிங்கத்தை முழுசாகப் பேச விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது பேசாமலே இருந்துவிடலாம். தொண்டையைக் காரணம் காட்டலாம். மனசு கேட்கவில்லை. இருந்த கொஞ்சக் குரலையும் திரட்டினார்.

"மறந்துட்டேன்பா. நான்தான்... சொல்ல மறந்துட்டேன்."

சிங்காரம் எழுந்துபோய் ஜம்புலிங்கத்தை ஒட்டி உட்கார்ந்தான்.

"இந்த பாவாவ என்னா பண்ணலாம், சொல்லுண்ணா" என்றான்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.