கீழே பலகை வை

பீட்ரூட் ஊறிய வினிகரைக் கரண்டியில் எடுத்து நான்காவது துண்டின் மேல் ஊற்றினாள் ரீக்கா. பாதி போர்வையில் சிந்தியது.

"போர்வைய விடு, அது எப்படியும் என்னோட போயிடும்," என்றாள் அம்மா ஹெல்வி. "ஏன்டி நடுவுல ஊத்துற? உங்கப்பா என்னிக்கு நடுவுல சிந்தியிருக்காரு? ஓரத்துல ஊத்து."

ரீக்கா ஓரத்தில் ஊற்றினாள். அம்மாவின் படுக்கைக்குக் குறுக்கே போட்டிருந்த சின்ன மேசையில் மாதிரித் துண்டுகள் வரிசையாக இருந்தன. லேமினேட், ஓக் மரம், பிசின் கலந்து செய்த செயற்கைக் கல், சாம்பல் நிற மாக்கல். ஒவ்வொன்றும் வெட்டிய ரொட்டித் துண்டு அளவுதான். சமையல் மேடைக்கு எதைப் போடுவது என்று இன்று மதியத்துக்குள் தச்சர் பெக்கோனனுக்குச் சொல்லியாக வேண்டும். தவறினால் அவருக்கு இனி வசந்தத்தில்தான் ஒழியும். வசந்தம் என்ற சொல்லை அந்த வீட்டில் இப்போது யாரும் எடுப்பதில்லை.

"கத்தியால கீறுனியா?"

"கீறிட்டேம்மா. மாக்கல்லுலதான் ஆழமா விழுது. உப்புத்தாள் போட்டுத் தேச்சா போயிடுது."

"போகட்டும். கீழே பலகை வைன்னு எத்தன தடவ கத்துனாலும் அவர் வெறும் மேடையிலதான் ரொட்டி அறுப்பாரு. அப்புறம் உக்காந்து தேய்ப்பாரு. அவருக்கும் பொழுது போகணும்ல."

சிரிக்க முயன்றாள். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. காலையில் வந்திருந்த நர்ஸ் வாசலில் காலணி மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு உங்கப்பாவ தூரமா எங்கயும் போக விடாத" என்று ரீக்காவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்பா தவ்னோ தூரமாகப் போகவில்லை. முற்றத்தின் கோடியில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடரிச் சத்தம் விடியற்காலையிலிருந்து நிற்கவே இல்லை.

"சூடு மட்டும்தான் பாக்கல. வாணலிய வெச்சுப் பாக்கட்டுமா?"

"வேணாம். அத அவர்தான் வைக்கணும்."

"நீயே சொல்லிடேன்ம்மா. மாக்கல்னு சொல்லிடுறேன் பெக்கோனன்கிட்ட."

ஹெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். "போன வருஷம் ஆஸ்பத்திரிலேருந்து வந்தேனே, அடுப்பு நான் எப்படித் தொடச்சு வெச்சுட்டுப் போனேனோ அப்படியே பளபளன்னு இருந்துச்சு. அத்தன நாளும் ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டே பச்சையா சாசேஜத் தின்னிருக்காரு மனுஷன். நான் சொல்லிப் போட்டா அது என் மேடை. தொடவே மாட்டாரு. அவர் வாயால சொன்னாத்தான் அது அவரோடது. போ, கூட்டிட்டு வா."

ரீக்கா முற்றத்துக்குப் போனாள். முதல் பனி ஈரமாக விழுந்து சேறாகக் கிடந்தது. விறகுக் கொட்டகை கூரைவரை நிரம்பிவிட்டது. மிச்சத்தை அப்பா சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா கூப்பிடுது."

"எதுக்கு?"

"மேடைக்குத்தான். எதுன்னு நீ சொல்லணுமாம்."

"இருக்கிற மேடைக்கு என்ன கேடு?"

"தொட்டிப் பக்கம் உப்பிப் போச்சுப்பா. விரல வெச்சா உள்ள போகுது."

"அது ரொம்ப நாளா உப்பித்தான் இருக்கு." ஒரு பிர்ச் கட்டையை நிறுத்தி இரண்டாகப் பிளந்தார். "அவ சமையலறை. அவளுக்குப் பிடிச்சதப் போடச் சொல்லு. இதுக்கெல்லாம் என்னக் கேக்காத."

"மதியத்துக்குள்ள சொல்லணும்ப்பா."

"சவுனாவுக்கு நெருப்பு போட்டுட்டு வரேன்."

"இன்னிக்கு வியாழக்கிழமைப்பா."

சனிக்கிழமை தவிர வேறு நாளில் அந்த நீராவிக் குளியலறையிலிருந்து புகை எழுந்து அவள் பார்த்ததே இல்லை. அப்பா அடுத்த கட்டையை நிறுத்தினார். அவள் இன்னும் ஒன்று கேட்டிருந்தால் கோடரி அவர் கையிலிருந்து நழுவியிருக்கும் போலிருந்தது. கேட்காமல் திரும்பினாள்.

"என்ன சொன்னாரு?"

"வரேன்னாரும்மா."

"உனக்குப் பொய்யே வராதுடி. சின்னப் பிள்ளையிலயும் வராது." ஹெல்வியின் குரல் காற்றாக வந்தது. "மரம்னுதான் சொல்வாரு பாரு. மரத்தத் தவிர வேற எது தெரியும். சொல்லட்டும், நீ குறுக்க பேசாத. அப்புறம் சூடா வாணலிய வெச்சுட்டு அவரே முழிப்பாரு."

தொலைபேசி அடித்தது. ரீக்கா சமையலறைக்கு ஓடினாள்.

"என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?" என்றார் பெக்கோனன். "கல் அறுக்கிறவன் வண்டியோட நிக்கிறான்."

மாக்கல் என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. திறந்திருந்த கதவு வழியே பார்த்தாள். அம்மா தலையை இந்தப் பக்கம் திருப்பி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க. அப்பா சொல்வாரு."

"கொஞ்சம்தான், ஆமா. உங்க அப்பன் வாயத் திறக்கிறதுக்குள்ள ஏரி உறைஞ்சிடும்."

அவள் திரும்பி வந்தபோது அம்மாவின் மூச்சு மாறியிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் வெளியே கோடரி விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ரீக்கா ஜன்னலைத் தள்ளித் திறந்து கத்தினாள்.

"அப்பா!"

கோடரி நின்றது.

அவர் பூட்ஸைக் கழற்றாமல் வந்தார். அந்த வீட்டுக்குள் யாரும் காலணியோடு நடந்ததில்லை. வாசலிலிருந்து படுக்கைவரை சேற்றுத் தடம் விழுந்தது. படுக்கையருகே வந்தும் உட்காரத் தெரியாமல் நின்றார். ஹெல்வியின் பார்வை அவர் முகத்திலிருந்து இறங்கி அந்தப் பூட்ஸில் வந்து நின்றது. உதடு அசைந்தது. திட்டத்தான் பார்க்கிறாள் என்று ரீக்கா நினைத்தாள்.

"ஹெல்வி," என்றார் தவ்னோ. குனிந்து நான்கு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். சிவப்பாகச் சிந்திக் கிடந்ததன் மேல் விரலை வைத்து எடுத்தார். "மரம். மரம் போடலாம், என்ன?"

ஹெல்வியின் வாயோரம் லேசாக ஒரு பக்கம் இழுபட்டது. அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். சவுனாவுக்கென்று அவர் ஒரு கையில் இடுக்கிக்கொண்டு வந்த விறகு அப்போதும் கையிலேயே இருந்தது.

நர்ஸ் மறுபடி வந்தாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஜன்னலைத் திறந்தபடியே விடச் சொன்னாள். மாதிரித் துண்டுகளை ரீக்கா அள்ளி எடுத்துப்போய்ச் சமையலறையில் உப்பிய மேடையின் மேல் வைத்தாள். துடைக்கத் தோன்றவில்லை.

தவ்னோ அலமாரியிலிருந்து தேசியக் கொடியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் கம்பத்துக்குப் போனார். ரீக்கா கண்ணாடி வழியே பார்த்தாள். கொடியின் நீலச் சிலுவை மெல்ல ஏறியது. பாதியில் நிறுத்திக் கயிற்றைக் கட்டப் போனார்.  சாவு வீட்டுக் கொடியை நேரே பாதியில் நிறுத்தக் கூடாது. உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். எதிர்வீட்டில் சாவு விழுந்த அன்று அப்படிப் பாதியில் நிறுத்தியதை இதே ஜன்னலில் நின்று அம்மா ஒரு வாரம் பேசித் தீர்த்தாள். அப்பா கயிற்றைப் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார். கொடி உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, பாதிக்கு இறங்கியது. ஏரிக்கரைச் சாலையில் போன கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது.

உள்ளே வந்து இந்த முறை பூட்ஸைக் கழற்றினார். தரையில் தன் தடங்கள் காய்ந்து கிடப்பதைப் பார்த்து அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்.

"காலையிலேருந்து நீ எதுவும் சாப்பிடல."

"பசிக்கலப்பா."

அவர் படுக்கையோரம் வைத்துவிட்டுப் போயிருந்த அதே விறகை எடுத்து வந்து, அடுப்பைத் திறந்து உள்ளே வைத்தார். இரும்பு வாணலியைத் தேடினார். எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ரீக்கா சொல்லவில்லை. மூன்றாவது கதவில் கிடைத்தது. வெண்ணெயை அளவு தெரியாமல் போட்டார். முட்டையை உடைத்தபோது ஓட்டுத் துணுக்குகள் உள்ளே விழுந்தன. தடித்த விரலால் எடுக்கப் பார்த்துச் சுட்டுக்கொண்டார். ஓரம் கருகும் வாசனை வந்தது.

துணியால் கைப்பிடியைப் பற்றி வாணலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். மேடையில் முதலில் கண்ணில் பட்டது ஓக் துண்டு. அதன் மேல் வைத்தார்.

வைத்த கையை எடுக்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, திறந்திருந்த அறைப்பக்கம் காதைக் கொடுத்தபடி நின்றார். ரீக்காவும் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அந்த அறையில் திரைச்சீலை காற்றில் உயர்ந்து தாழ்ந்தது. மரம் தீயும் வாடை எழுந்தது. மெல்லிய புகை அவர் சட்டைக் கைமேல் ஏறியது. அப்போதும் அவர் நின்றார்.

கடைசியில் வாணலியைத் தூக்கினார். ஓக்கில் கரும்பழுப்பாக வளைந்த தழும்பு விழுந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார். போகவில்லை. பக்கத்தில் ஓரமெல்லாம் பீட்ரூட் சிவப்போடு மாக்கல் கிடந்தது. வாணலியை அதன் மேல் வைத்தார்.

தொலைபேசி அடித்தது. ரீக்கா எழுந்தாள்.

"நீ உக்காந்து சாப்பிடு," என்றார் தவ்னோ. கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்தார். கல்லின் மேல் வாணலியில் முட்டை இன்னும் பொரிந்துகொண்டிருந்தது.