கஜு போடாத வட்டிலப்பம்

கச்சானுக்கென்று, நிலக்கடலைக்கென்று, ஓர் இடம் இருக்கிறது. கல்முனை பஸ் நிலையத்தில், பேப்பர்ச் சுருளுக்குள், பஸ் வரும்வரை பொழுது போகாதவன் கையில். அதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. என் அடுப்படிக்குள் அது வந்ததில்லை. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கிற என் வட்டிலப்பத்துக்குக் கஜு என்கிற முந்திரிதான். பாதி பாதியாகப் பிளந்து, நெய்யில் பொன்னிறமாக வறுத்து, மேலே இடைவெளி தெரியாமல் பதித்துவிடுவேன். ஸுஹைறாவின் வட்டிலப்பம் என்றால் கஜுவைத் தோண்டித்தான் வட்டிலப்பத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சாய்ந்தமருதில் பேசிக்கொள்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை.

எங்கள் ஊர்களில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டில் போய் இருப்பான். அது வழமை. நானும் மசூரை இப்படித்தான் என் உம்மா தந்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போது அந்த வழமை இனித்தது. ஐந்து மாதத்துக்கு முன் என் ஒரே மகன் ஜுனைட் நற்பிட்டிமுனைக்குக் குடிபோனபோதுதான், இதை எவன் கண்டுபிடித்தான் என்று வயிறு எரிந்தது. நாற்பது பேருக்கு ஆக்கிப் பழகிய கை என்னுடையது. இப்போது அந்தக் கையை நம்பிச் சாப்பிட மிச்சமிருப்பது என் வீட்டுக்காரர் மசூர் ஒருவர்தான். அவரும் இல்லையென்றால் நான் யாருக்காக அடுப்பு மூட்டுவது?

மகன் போன இடமாவது உருப்படியாக இருந்திருக்கலாம். மருமகள் றினோஸாவின் வாப்பா மேட்டுக் காணியில் கச்சான் போடுகிறவர். வீட்டில் மூலைக்கு மூலை கச்சான் சாக்கு. போன மாதம் எங்களைப் பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். கோழிக்கறியில் அரைத்த கச்சான். சம்பலில் இடித்த கச்சான். பின்னேரம் தேநீரோடு, கச்சான் பட்டர் பூசிய பாண். அதை வீட்டிலேயே செய்ததாக றினோஸாவுக்குப் பெருமை வேறு.

"வறுத்து, தோலப் போக்கி, கிரைண்டர்ல அரைக்கணும் மாமி. முதல்ல மா மாதிரி வரும், பிறகு உருண்டையாத் திரளும். விட்டுராம அரைச்சா அதுட எண்ணெயிலயே இளகி வரும்."

"அப்ப கைப்பக்குவம் கிரைண்டருக்குத்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். குத்திப் பேசுவதுகூட விளங்காத பிள்ளை. அந்தக் கோழியோ எலும்பை விட்டுக் கழன்று, சாற்றோடு சாறாகக் குழைந்து கிடந்தது. மசூர் அதை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சம்மந்தி வீட்டில் ஒரு மனிதர் இப்படியா அலைவது என்று என் முகம் சுண்டிப்போனது.

என் வீட்டில் அவர் அப்படிச் சாப்பிடுவதில்லை. நோன்புக்கு முன் ஆஸ்பத்திரியில் நாலு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு வந்ததிலிருந்து சோற்றைக் கிளறிக்கொண்டே இருப்பார். கஜுவைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பார். ஒருநாள் பல்லைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். "பல்லுப் போன ஆக்களெல்லாம் பட்டினியா கிடக்காங்க?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. விஷயம் அதோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் காலை, தொழுகை முடிந்ததும் ஜுனைட் வந்தான். கையில் மருதமுனைத் துணியில் கட்டிய ஒரு கண்ணாடிச் சட்டி. நான் அவனுக்காகப் புரியாணிக்கு இறைச்சி ஊறவைத்திருந்தேன்.

"பகலைக்கு மாமிட சொந்தக்காரங்க வாறாங்க உம்மா. நான் நிக்காட்டிச் சரிவராது" என்றான். தேநீரில் பாதியைக் குடித்தான், ஸலாம் சொன்னான், போய்விட்டான்.

சட்டியைத் திறந்தேன். வட்டிலப்பம். மேலே ஒரு கஜு இல்லை, மொட்டை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். கச்சான். அந்தக் கச்சான் பட்டரைக் கலந்து அவித்திருக்கிறாள். வட்டிலப்பத்துக்கு ஊரில் பேரெடுத்த மாமிக்கு, பெருநாளும் அதுவுமாக, கச்சான் போட்ட வட்டிலப்பம். மகனைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குப் பதிலாக இதை அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் சாப்பாடு வந்த சட்டியை வெறுஞ்சட்டியாகத் திருப்பி அனுப்ப மாட்டோம். கழுவி, சீனியோ பழமோ போட்டுத்தான் கொடுப்போம். வந்ததைத் தொடாமல் அப்படியே திருப்பினால் அது முகத்தில் துப்பியதற்குச் சமம். நான் துப்புவதென்று முடிவெடுத்தேன். அதே துணியால் இன்னும் இறுக்கிக் கட்டி மசூரிடம் நீட்டினேன்.

"இதக் கொண்டுபோய்க் குடுங்க. எங்கட வீட்டுல கச்சான் தின்ற ஆக்கள் இல்ல எண்டு சொல்லுங்க."

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெருநாள் நாளையில என்னத்துக்குப் புள்ள?"

"போங்க எண்டன்."

அவர் குசினிக்குள் போய் எதையோ உருட்டிவிட்டு வந்தார். பிறகு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது. நான் புரியாணிக்குத் தம் போட்டுவிட்டு, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்மந்திக்காரி அழுதுகொண்டு எடுப்பாள், அவளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து அழைப்பு வந்தது. எடுத்தவள் றினோஸா. அழவில்லை.

"மாமி, உண்மையாவே முடிச்சிட்டீங்களா? மாமா வந்து சொல்றாரு, நீங்களும் அவருமா வழிச்சுத் திண்டீங்களாம். நான் பயந்துக்கிட்டு இருந்தன், மாமிக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ எண்டு. சட்டிக்குள்ள இவ்வளவு கஜு என்னத்துக்கு மாமி? உம்மா எல்லாருக்கும் காட்டிட்டுத் திரியுறா."

அவள் விடாமல் பேசினாள்.

"அண்டைக்கு இஞ்ச வந்த நேரம் பார்த்தன், மாமாக்கு ஒண்டும் கடிச்சுச் சப்ப ஏலாம இரிக்கி. கறிய மட்டும் முழுங்கினாரு. அதான் வட்டிலப்பத்துக்கும் கச்சான வெண்ணெயா அரைச்சுப் போட்டன். கஜு மாதிரி ருசியும் வேணும், பல்லுலயும் படப்படாதே. அடுத்த முறையும் செஞ்சு அனுப்புறன் மாமி."

"ஓம் மகள்" என்றேன். வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளில் அது இல்லை.

குசினி அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பெருநாளுக்கென்று வாங்கி, புரியாணிக்கு எடுத்தது போக மிச்சம் வைத்திருந்த கஜுப் பொதியைக் காணவில்லை.

மசூர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக் கழுவி, அதன் இடத்தில் வைத்தார். போகும்போதே கரண்டியோடுதான் போயிருக்கிறார்.

"எங்க வெச்சுத் திண்டீங்க?"

"வயல் ரோட்டுல, மரத்துக்குக் கீழ. வாய்க்கால்ல சட்டியக் கழுவிட்டுத்தான் கஜுவப் போட்டன்." களவு செய்த முகமே இல்லை. வயிறு நிறைந்த முகம்.

"சப்ப ஏலாது எண்டு எனக்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னன்தானே, ஒருநாள்." அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "பிறகு சொல்லல்ல. சொன்னா நீ ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாய் எண்டுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பேன். மழை வந்தால் குடை எடுப்பேன் என்பதுபோலச் சொன்னார். முப்பத்திரண்டு வருடம் என் பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மனிதர், என் வாய்க்குப் பயந்து பசியோடு எழும்பியிருக்கிறார். நான் தட்டோரத்துக் கஜுவை எண்ணெய்ச் சட்டியில் போட்டு மறுபடியும் முறுகவைத்து, அடுத்த நாள் அவருக்கே வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கச்சான்காரப் பெண் ஒரே சாப்பாட்டில் பார்த்ததை நான் நாலு மாதமாகப் பார்க்கவில்லை.

புரியாணியைத் திறந்து, பல பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டில் போட்டேன். மணம் வந்தது. அவர் அசையவில்லை.

"வகுறு நிறைஞ்சிட்டுப் புள்ள. நீ தின்." பிறகு கேட்டார்: "றினோஸா வெள்ளிக்கிழம பகலைக்கு வரச் சொன்னா. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மாக்குப் பிறகு வாங்க எண்டு சொல்றா. போகட்டா?"

எதற்கும் அனுமதி கேட்கிற மனிதர் இதற்கும் கேட்டார். போகாதீங்க என்று சொல்ல என் வாயில் வார்த்தை இருந்தது. இந்த வாய்தான் இவ்வளவும் செய்தது.

"போங்க" என்றேன்.

அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். நான் நடுவில் சஹனை வைத்து, ஒரு பக்கத்தில் தனியாக உட்கார்ந்தேன். கஜு நன்றாகத்தான் வறுபட்டிருந்தது. நான் சப்புகிற சத்தம் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது.