கேட் பாஸ் வாங்கிய உலகம்

இருபத்தைந்துக்கு மூன்று.

அந்த மூன்றும் எதற்கு வந்தது என்று அமலா விடைத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசிபிக், அட்லான்டிக், இந்தியப் பெருங்கடல். கடலுக்கு ஒரு மார்க் வீதம் மூன்று. நிலத்துக்கு ஒன்றுமே விழவில்லை.

தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பு. பி.ஏ. முதலாண்டு. பாடத்தின் பெயர் 'உலக வட்டாரப் புவியியல் – ஓர் அறிமுகம்'. 'உலக வரைபடத்தை வட்டாரங்களாகப் பிரித்து வண்ணமிடுக' என்பது கேள்வி. வகுப்பில் எல்லோரும் பத்து வண்ணம் அடித்திருந்தார்கள். தெற்காசியாவுக்கு ஒரு நிறம், ஐரோப்பாவுக்கு ஒரு நிறம், லத்தீன் அமெரிக்காவுக்கு ஒரு நிறம்.

அமலாவின் தாளில் இரண்டே நிறம். இந்தியா, ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, ஜமைக்கா எல்லாம் சிவப்பு. அமெரிக்கா, சீனா, ரஷ்யா நீலம். தென் அமெரிக்காவும் முழுக்க நீலம்தான். அதன் உச்சந்தலையில் மட்டும் இரண்டு சிவப்புப் பொட்டு.

"இன்னாக்கா இது, அம்மை போட்ட மாரி கீது?" என்று பின் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான் பிரவீன். பதினெட்டு வயது. அமலாவைவிடப் பதினோரு வயது சின்னவன்.

தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: 'புரியவில்லை. நேரில் வரவும்.'

அவளை நேரில் வரச் சொன்ன சத்யப்பிரியா இந்த ஆண்டுதான் வேலையில் சேர்ந்த விரிவுரையாளர். அமலாவைவிட மூன்று வயது இளையவள்.

"உக்காருங்க அமலா. ஜப்பானையும் ஜமைக்காவையும் எப்படி ஒரே வட்டாரத்துல போட்டீங்க?"

"ரெண்டுத்துக்கும் ஸ்டியரிங் வலது பக்கம் மேடம்."

சத்யப்பிரியா பேனாவைக் கீழே வைத்தாள்.

ஒரகடத்துக் கார் தொழிற்சாலையில் ஸ்டியரிங் பொருத்தும் வேலை அமலாவுக்கு. ஆறு வருடம் ஆகிறது. லைனில் வரும் ஒவ்வொரு வண்டியின் பானெட்டிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வண்டி எந்த நாட்டுக்குப் போகிறது, ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்து வலது ரேக்கிலிருந்தோ இடது ரேக்கிலிருந்தோ எடுத்து மாட்ட வேண்டும். பெயர் தெரியாத நாடெல்லாம் அவளுக்குப் பக்கம் தெரியும்.

"மொத கிளாஸ்ல நீங்கதான சொன்னீங்க மேடம்? வட்டாரத்துக்குத் தரையில கோடு கெடையாது, எத்த வெச்சிப் பிரிக்கறதுன்னு நாமதான் முடிவு பண்ணிக் கோடு போடறோம்னு. நோட்டுல எழுதி வெச்சிக்கினேன்."

"சொன்னேன். அடுத்த மூணு கிளாஸ்ல பத்து வட்டாரத்தையும் நடத்தினேனே?"

"அந்த வாரம் எனக்கு பி ஷிப்ட் மேடம். சாயங்காலம் பூரா லைன்லதான் நின்னுகினு இருந்தேன்."

சத்யப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முகத்தைச் சரி செய்துகொண்டு, "பத்து மார்க் இல்லைன்னா செமஸ்டர் பரீட்சை எழுத முடியாது. தெரியுமில்ல?" என்றாள்.

தெரியும். அதுதானே கவலை. ஜூனில் தொழிற்சாலையில் டீம் லீடர் தேர்வு. படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் முதல் செமஸ்டரில் அரியர் இருக்கக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். அவளுக்கு அப்புறம் சேர்ந்த நான்கு பேர் டிகிரியைக் காட்டி டீம் லீடராகி, அவளுக்கே ஸ்டியரிங் மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"போட்ட மார்க்கை மாத்த முடியாது. ஆனா செமினாருக்குப் பத்து மார்க் உண்டு. வர்ற வெள்ளிக்கிழமை கிளாஸ் முன்னாடி நின்னு, இதுவும் வட்டாரம்தான்னு நிரூபியுங்க. பட்டியல் வாசிக்காதீங்க, ஏன்னு சொல்லணும். காரணம் இல்லாம பிரிச்சா அது வெறும் கலர் பேப்பர்."

அந்தப் பத்தில் ஏழாவது வேண்டும்.

*

மறுநாள் மதியம், சாப்பாட்டு நேரம். ஸ்டியரிங் வந்த பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தாள் அமலா. அதில் உலகத்தை வரைந்தாள். போல்ட்டை இறுக்கியதும் அடையாளப் புள்ளி வைக்கும் மார்க்கர்தான் வண்ணத்துக்கு. பக்கத்தில் ஏர்பேக் மாட்டும் முத்துச்செல்வி தயிர்சாத டப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். சங்கரன்கோவில்காரி. ஹாஸ்டலில் தங்கி வேலை பார்ப்பவள்.

"யக்கா, கிரீன்லாந்த இம்புட்டுப் பெருசா வரைஞ்சிருக்க? அங்க ஒரு வண்டியாவது போயிருக்கா?"

"போவல. எடம் கீதேன்னு வரைஞ்சேன். நீ ஆப்பிரிக்காவுக்குக் கலர் அடி."

முத்துச்செல்வி அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"யக்கா, மொசாம்பிக்க ஆண்டது யாரு?"

அமலா போனில் பார்த்தாள். "போர்ச்சுகல்."

"போர்ச்சுகல்லுக்கு இடதுல்லா மாட்டுதோம்? அவன் ஆண்ட ஊருக்கு மட்டும் எதுக்கு வலது?"

யார் ஆண்டார்களோ அவர்கள் வழக்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றிருந்தாள் அமலா. இந்த ஒரு நாடு குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. இரண்டு நாள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், வலது ரேக்கிலிருந்து எடுத்த ஸ்டியரிங் கையில் இருக்கும்போதே, "அட!" என்றாள் சத்தமாக.

"வண்டி போவுது பாருக்கா!" என்று கத்தினாள் முத்துச்செல்வி.

*

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு ஷிப்ட் முடிந்தது. வகுப்பு நான்கு மணிக்கு. சுருட்டிய அட்டையோடு கேட்டுக்கு வந்தாள். செக்யூரிட்டி சண்முகசுந்தரம் கையை நீட்டினார்.

"இன்னாது அது?"

"உலகம் சார்."

"கேட் பாஸ்?"

"இது ஸ்கிராப் அட்டை சார்! குப்பைக்குப் போறது!"

"குப்பைக்குப் போனா குப்பைக்குப் போவட்டும். கேட்டு வழியா போனா பாஸு ஓணும். நட்டு போல்ட்டுல இருந்து துண்டு அட்டை வரிக்கும் ரூல் ஒண்ணுதாம்மா. உன் சூப்பர்வைசர் கையெழுத்து வாங்கினு வா."

சூப்பர்வைசர் நரசிம்மன் ஆடிட் மீட்டிங்கில் இருந்தார். அவர் போன் லாக்கரில். மணி இரண்டே முக்கால்.

"நீ ஓடுக்கா. சார் வெளிய வரவும் புடிச்சி கையெழுத்து வாங்கிட்டு நான் வாரேன்" என்றாள் முத்துச்செல்வி.

அட்டையைச் செக்யூரிட்டி அறைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாள் அமலா. கண்ணில் தண்ணீர் முட்டியது. படமே இல்லாமல் புவியியல் செமினாரா?

"யம்மா, நீ எங்க எறங்கற?" என்றார் டிரைவர்.

"ஸ்ரீபெரும்புதூர். அங்கருந்து தண்டலம் பஸ்ஸு."

"அப்போ உள்ள தள்ளி உக்காரு. வல்லம் எறங்கறவங்கோ ரெண்டு பேரும் ஓரமா வாங்கோ. நீல சட்டை, நீயும் ஸ்ரீபெரும்புதூரா? அந்தம்மாவுக்கு எதிர்ல போ. எறங்கற எடத்த வெச்சி உக்காந்தாதான் சண்ட வராது."

ஒரு நிமிடத்தில் ஒன்பது பேரையும் இடம் மாற்றிப் பிரித்து வைத்துவிட்டார். அமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நோட்டை எடுத்து, தாளைச் சின்னச் சின்னதாகக் கிழிக்க ஆரம்பித்தாள். ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் மடியில் நாற்பது நாடு சேர்ந்துவிட்டது.

*

"படம் எங்கே அமலா?" என்றாள் சத்யப்பிரியா.

"கேட்டுல மாட்டிக்கிச்சி மேடம். அதுக்குப் பதிலா இவங்கள வெச்சிக் காட்டறேன்."

ஆளுக்கு ஒரு சீட்டு. ஜன்னல் பக்கம் அமெரிக்கக் கண்டங்கள், நடுவில் ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும், கதவுப் பக்கம் ஆசியா என்று எல்லோரையும் இடம் மாற்றி உட்கார வைத்தாள். "நீ ஏன் என் கண்டத்துல வந்து உக்கார்ற?" என்று இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள்.

"வலது ஸ்டியரிங் நாடுங்க எல்லாம் எழுந்து நில்லுங்க. எது எதுன்னு நான் சொல்றேன்."

தாளைப் பார்க்காமலே கடகடவென்று சொன்னாள். இந்தியா எழுந்தது. இலங்கை, மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஜப்பான் எழுந்தன. ஜன்னல் ஓரத்தில் தென் அமெரிக்கா மொத்தமும் உட்கார்ந்திருக்க, பிரவீனும் சுபஸ்ரீயும் மட்டும் நின்றார்கள். கயானாவும் சூரினாமும்.

"அக்கா, சுத்தி அல்லாரும் ஜம்முனு உக்காந்துகினு கீறாங்க. நாங்க ரெண்டு பேரும் ஹோம் ஒர்க் பண்ணலியா?"

"உன்ன ஆண்டது இங்கிலீஷ்காரன். சுபஸ்ரீய ஆண்டது டச்சுக்காரன். டச்சுக்காரன் தன் ஊர்ல பக்கத்த மாத்திக்கினான், தூரத்துல கீற உங்களுக்குச் சொல்லல. அதே டச்சுக்காரன் ஆண்ட இந்தோனேசியாவும் நிக்குது பாரு."

இந்தோனேசியா சூரினாமுக்குக் கை ஆட்டியது. வகுப்பு சிரித்தது.

"நிக்கறதுல தீவுங்க எத்தனைன்னு எண்ணுங்க. ஜப்பான், இலங்கை, ஜமைக்கா, நியூசிலாந்து, மொரீஷியஸ். தீவுக்குப் பக்கத்து ரோடு கெடையாது. மாத்திக்கோன்னு சொல்ல ஆள் இல்ல."

உட்கார்ந்திருந்த ஜீவானந்தம் கையைத் தூக்கினான். "நான் போர்ச்சுகல். நான் ஆண்ட மொசாம்பிக் ஏன் நிக்குது? நீங்க சொல்ற காரணம் இங்க ஒதைக்குதே."

சத்யப்பிரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதைத்தான் அவளும் கேட்பதாக இருந்தாள்.

"மொசாம்பிக், நீ உக்காரு" என்றாள் அமலா. கன்னியப்பன் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி தான்சானியா, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே, தென் ஆப்பிரிக்கா ஐந்தும் நின்றன.

"இப்ப உன் வண்டிய எடுத்துக்கினு ஜிம்பாப்வேக்குப் போ. உன்ன ஆண்ட போர்ச்சுகல் மாரி ஸ்டியரிங் இடதுன்னா, ரோட்டுல வலது பக்கமாவே போவணும். ஜிம்பாப்வே, நீ உன் இடது பக்கமாவே எதிர்ல வா."

பெஞ்சுகளுக்கு நடுவில் இருவரும் நடந்தார்கள். நேருக்கு நேர் நெஞ்சில் முட்டிக்கொண்டு, ஒருவன் நோட்டு பறக்க, ஒருவன் பெஞ்சில் விழுந்தான். வகுப்பே எழுந்து கூச்சல் போட்டது.

"ஒரு பக்கம் முட்டினாலே இந்தக் கதி. அவனுக்குச் சுத்தி அஞ்சு பக்கம். அதான் அவனும் எழுந்து நின்னுட்டான். யார் ஆண்டாங்கன்றது ஒரு காரணம் மேடம். பக்கத்துல யார் கீறாங்கன்றது அதவிடப் பெரிய காரணம். பக்கத்து ஆளோட ரோடு சேரணும்னுதான் ஒருத்தன மாரி ஒருத்தன் ஆவறான். அப்போ இதுவும் வட்டாரம்தான?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சத்யப்பிரியா எழுந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. மியான்மர்?"

அமலா உதட்டைக் கடித்தாள். "எங்க லைன்ல மியான்மர் தாள் வந்ததே இல்ல மேடம். தெரியாது."

"அங்க வண்டி ஓடறது ரோட்டோட வலது பக்கம். ஆனா பழைய ஜப்பான் வண்டி நிறைய, ஸ்டியரிங்கும் வலது பக்கம்."

அமலாவின் கை தன்னையறியாமல் இல்லாத ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்தது. கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"அப்போ டிரைவர் ரோட்டு ஓரத்துல இல்ல உக்காந்துகினு இருப்பாரு? ஓவர்டேக் பண்ணா எதிர்ல வர்ற வண்டி தெரியாதே மேடம்! பக்கத்துல உக்காந்த ஆளுதான் எட்டிப் பாத்து 'போ போ'ன்னு சொல்லணும். ஐயோ, பஸ்ஸுன்னா கதவு நடு ரோட்டுல இல்ல தொறக்கும்?"

சத்யப்பிரியா நோட்டில் எதையோ குறித்துக்கொண்டாள். "நான் இதைப் படிச்சிருக்கேன் அமலா. ஆனா பஸ் கதவைப் பத்தி யோசிச்சதே இல்லை."

"மியான்மர் யாரும் இல்லியே, நான் நிக்கறேன்" என்று ஒருவன் கிளம்பினான்.

"நிக்காத, உக்காராத" என்றாள் அமலா. "பாதி எழுந்திரு."

அவன் முழங்காலை மடக்கி அந்தரத்தில் நின்று நடுங்க, வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கதவு தட்டப்பட்டது.

வாசலில் சேஃப்டி ஷூவோடு நரசிம்மன். பின்னால், அட்டைச் சுருளைக் கட்டிப் பிடித்தபடி மூச்சு வாங்க முத்துச்செல்வி.

"யக்கா, முடிஞ்சிட்டா? ஷேர் ஆட்டோல உலகத்துக்கும் ஒரு சீட்டுப் போட்டுல்லா வாரோம்!"

நரசிம்மன் ஒரு தாளை நீட்டினார். கேட் பாஸ். பொருள்: உலகம் (அட்டை). எண்ணிக்கை: ஒன்று. அனுப்பும் இடம்: கல்லூரி. திரும்பி வர வேண்டியது: ஆம்.

"அந்தக் கட்டத்துல 'ஆம்' போடாம சிஸ்டம் பாஸ் அடிக்க மாட்டேங்குதும்மா. திங்கக்கிழமை காலையில உலகம் உள்ள வரலைன்னா எனக்கு மெமோ. அதான் நானே கூட வந்தேன்" என்றார் நரசிம்மன். பிறகு பாதி எழுந்து நின்றவனைப் பார்த்து, "இவருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"மியான்மர் சார்" என்றது வகுப்பு ஒரே குரலில்.

சத்யப்பிரியா மார்க் எழுதினாள். பத்துக்கு ஒன்பது. மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. பிரவீன் விசில் அடித்தான். முத்துச்செல்வி அமலாவைக் கட்டிக்கொண்டதில் உலகம் கீழே விழுந்து உருண்டது.

"அந்த ஒரு மார்க்கு எங்க மேடம்?" என்று கேட்டாள் அமலா, சிரிப்பும் கண்ணீருமாக.

"மியான்மர்ல."

நரசிம்மன் தொண்டையைச் செருமினார். "டீம் லீடர் ஃபார்ம் வாங்கிட்டு வாம்மா. நான் சிபாரிசு கையெழுத்துப் போடறேன். அதுக்கு கேட் பாஸ் வேணாம்."

*

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால். கேட்டில் சண்முகசுந்தரம் பாஸை ஒருமுறை படித்தார். அட்டையை விரிக்கச் சொன்னார். வடக்கிலிருந்து தெற்குவரை விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு நாடு சிவப்பும் நீலமுமாகப் பட்டை பட்டையாக இருந்தது.

"வெள்ளிக்கெழம வெளிய போறப்போ இது இல்லியே?"

"காலேஜ்ல சேந்துச்சி சார்."

சண்முகசுந்தரம் மறுபடியும் பாஸைப் பார்த்தார்.

"எண்ணிக்க ஒண்ணுதான?"

"ஒண்ணுதான் சார்."

முத்திரையை ஓங்கிக் குத்தினார். உலகம் உள்ளே போயிற்று.