நடு பீம்

கரண்டியில் இருந்த சோளக் கஞ்சியை உதட்டருகே கொண்டுபோனதும் லைனஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி தாடையில் வழிந்தது.

“ஒரு வாய் குடிங்கப்பா,” என்றாள் உலோமா.

“இரு. அதைக் கேளு.”

அவள் கேட்டாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், புது வீட்டின் முன்னால் கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓடுகிற அதே இரைச்சல்தான்.

“என்னப்பா?”

“ஜல்லி உருள்ற சத்தமே இல்ல. சளசளன்னு கேக்குது. தண்ணிய அள்ளி ஊத்தறானுங்க. தூக்கறதுக்கு லேசா இருக்கும்ல.” நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார். “போய்க் குறைக்கச் சொல்லு. நான் கேட்டது கூரை, சூப் இல்ல.”

லாகோஸ் பாதையில் ஆயுள் முழுக்கப் பயணிகள் பஸ் ஓட்டியவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இடுப்புக்குக் கீழே நோய் ஏறிய பிறகும் காது மட்டும் அப்படியே இருந்தது.

உலோமா கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வெயிலில் கண் கூசியது. கிழக்கே மட்டும் கொஞ்சம் மேகம். அஸ்திவாரத்துப் புல் மேல் ஆடுகள் குடித்தனம் நடத்திய வருஷங்களெல்லாம் போய், தரைத்தளச் சுவர்கள் எழும்பி, இன்றைக்குத்தான் மேல்தளம் போடுகிறார்கள். பலகைக்கு அடியில் மூங்கில் முட்டுகள் ஒரு சின்னக் காடு மாதிரி நின்றன. சாய்வுப் பலகை நெடுக ஆட்கள் வரிசையாக நின்று, தலையோடு தலையாகச் சட்டிகளை மேலே கடத்திக்கொண்டிருந்தார்கள்.

“கிளெட்டஸ், தண்ணி ஜாஸ்தியாம். குறைக்கச் சொல்றார்.”

ஃபோர்மேன் கிளெட்டஸ் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். “நம்ம ஓகா, பெரிய முதலாளி, கட்டில்ல படுத்துக்கிட்டே சூப்பர்வைஸ் பண்றாரா? அவர் காதைக் கழட்டி எனக்குக் குடுத்துட்டுப் போகச் சொல்லும்மா!” பிறகு குரலை மாற்றிக் கீழே பார்த்துக் கத்தினார். “டேய், எவன்டா வாளியோட நிக்கறவன்? கல்யாணத்துக்குக் கஞ்சியா காய்ச்சறே? பாதி போதும்!”

ஆட்கள் சிரித்தார்கள். உடாலா மரத்தடியில் பெரிய பானையில் பீன்ஸ் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா பிபியானாவும் சிரித்தாள். “சோறு போடறப்ப மட்டும் இந்தப் பயலுங்களுக்கு அளவு மறக்கறதே இல்ல பாரேன்!”

உலோமா திரும்பி உள்ளே வந்தாள். பின்கட்டில் இருந்த பழைய தகரக் கூரை வீடு அந்நேரத்துக்கே சூடாகியிருந்தது. அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார்.

“சொல்லிட்டேன்பா.”

வெளியே மெஷினின் சத்தம் மாறியது. இப்போது அவளுக்கே கேட்டது, கல்லும் கல்லும் உரசிப் புரள்கிற அந்தக் கரகரப்பு.

“இப்ப சரியாப்பா?”

முக்காலியில் கஞ்சியின் மேல் ஆடை கட்டியிருந்தது. அவள் அவர் மார்பில் கை வைத்தாள். பிறகு மூக்கருகே. பிறகு மறுபடி மார்பில். உடம்பு சூடாகத்தான் இருந்தது. அந்த வீட்டில் எல்லாமே சூடாகத்தான் இருந்தது.

தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பியது. அவள் தலைத்துணியின் முனையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள்.

இந்தக் கதவைத் தாண்டி ஓர் அழுகுரல் கேட்டால் போதும். சாய்வுப் பலகையில் நிற்கிறவன் சட்டியை அப்படியே கீழே வைப்பான். மெஷினை அணைப்பார்கள். துக்க வீட்டில் கரணை எடுப்பவன் இந்த ஊரில் இல்லை. அடக்கம் முடியும் வரை யாரும் தொட மாட்டார்கள். அடக்கமோ, உறவுக்காரர்கள் கூடிப் பேசி, வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். பாதித் தளம் காய்ந்து இறுகியிருக்கும். மீதியில் கம்பி துருப்பிடித்து, பலகை ஊறி உப்பியிருக்கும்.

“என்னை இந்தத் தகரத்துக்கு அடியில கிடத்திடாதீங்க,” என்று போன கிறிஸ்துமஸுக்குச் சொல்லியிருந்தார். “வர்றவங்க என் முன்கூடத்துல வந்து என்னைப் பாக்கணும்.” அந்த முன்கூடத்துக்குக் குறுக்கேதான் நடு பீம் போகிறது. மாடியின் பாரம் முழுக்க அதன் மேல்.

கட்டிலுக்கடியில் ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்ன சிமென்ட் வில்லைகள் மிச்சமிருந்தன. கம்பி பலகையில் படாமல் இருக்க அடியில் கொடுப்பது. பிஸ்கட் என்பார்கள். தளத்துக்கு வேண்டிய அத்தனையையும் படுக்கையில் சாய்ந்தபடியே அவர்தான் வார்த்தார். “பஸ் ஓட்டினவர் பேக்கரி வச்சுட்டார், வந்து வாங்கிக்கங்க,” என்று அம்மா தெருவுக்கே சொல்லிச் சிரிப்பாள்.

உலோமா அவர் இமைகளை மூடினாள். தாடையைத் துடைத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். யாராவது எட்டிப் பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்க வேண்டும். வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா எவரிஸ்டஸ் நாற்காலியும் கையுமாக வந்துகொண்டிருந்தார். “அண்ணனை இதுல உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போலாம்னு பாத்தேன். தன் வீட்டுத் தளத்தைத் தானே பாக்கட்டும்.”

“இப்பதான் கண்ணசந்தார் சித்தப்பா.”

“இந்த இரைச்சல்லயா?”

“ராத்திரி முழுக்கத் தூங்கல.”

சித்தப்பா சாத்திய கதவைப் பார்த்தார். “சரி, முடியட்டும். முடிஞ்சப்புறம் தூக்கறேன்.” நாற்காலியை அங்கேயே சுவரோரம் வைத்துவிட்டுப் போனார். அண்ணனின் சாவுச் செய்தி முறைப்படி முதலில் வந்து சேர வேண்டிய காது அவருடையது. பின்னால் இதை அவர் மறக்க மாட்டார் என்று உலோமாவுக்குத் தெரியும். ஆனால் அவளுக்குப் பெரிதாக இருந்தது அது இல்லை. மரத்தடியில் அம்மா ஒருவனுக்குக் கூடுதலாக ஒரு கரண்டி சோறு போட்டு, “உன் பொண்டாட்டி உன்னைப் பட்டினியா போடறா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விதவையாகிவிட்டதை அறியாமல் ஒருத்தி சிரிக்கிறாள். அறிந்தவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அப்போதுதான் மெஷின் நின்றது.

பெல்ட் அறுந்திருந்தது. கிளெட்டஸ் இறங்கி வந்து அதைக் கையில் எடுத்துச் செத்த பாம்பைப் போலத் தூக்கிக் காட்டினார். வானத்தையும் பார்த்தார். “இன்னிக்கு இவ்வளவுதான். ஓரத்துல பலகை அடிச்சு நிறுத்திக்கலாம். காலையில பெல்ட் வாங்கிட்டு வந்து, சிமென்ட் பால் ஊத்திச் சேத்துடலாம். எல்லா இடத்துலயும் செய்யறதுதான்.”

“நடு பீம்?” என்றாள் உலோமா.

“பாதி உயரத்துக்கு நிரம்பியிருக்கு.”

“அதைப் பாதியில விட முடியுமா?”

கிளெட்டஸ் பெல்ட்டைக் கையில் சுருட்டினார். “விடக் கூடாதுதான். ஆனா ஒரு ராத்திரிதானே.”

“காலையில நீங்க வர முடியலன்னா?”

“ஏன்மா வர முடியாது? நான் என்ன ராத்திரியே செத்தா போயிடுவேன்?”

ஆட்கள் சிரித்தார்கள். உலோமாவும் சிரிக்க முயன்றாள். உதடு கேட்கவில்லை.

“கையால கலக்கலாம்,” என்றாள்.

“மேடம், இன்னும் மூணுல ஒரு பங்கு தளம் பாக்கி. இவனுங்க காலையிலேர்ந்து தூக்கறானுங்க.”

அவள் செருப்பைக் கழற்றினாள். தலைத்துணியை அவிழ்த்து முறுக்கிச் சும்மாடு சுற்றினாள். முனையில் பல் பதிந்த ஈரம் இன்னும் இருந்தது. கீழே கிடந்த ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு ஜல்லிக் குவியலுக்கு நடந்தாள்.

“ஓவெரி மருந்துக்கடையில மாத்திரை எண்ற கைங்க அது,” என்றார் கிளெட்டஸ் யாரிடமோ.

“மாத்திரையைவிட இது எண்றதுக்கு ஈசி. நிரப்புங்க.”

ஒருவன் மண்வெட்டியை எடுத்தான். வெட்கப்பட்டு இன்னொருவன் எடுத்தான். சிமென்ட்டையும் மணலையும் இரும்புத் தகட்டில் கொட்டி நிறம் ஒன்றாகும் வரை புரட்டினார்கள், ஜல்லியைச் சேர்த்தார்கள். நடுவில் குழி பறித்துத் தண்ணீர் விடப் போனவன் உலோமாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பாதி வாளியோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் சாய்வுப் பலகையின் அடியில், வரிசையில் நின்றாள். முதல் சட்டியிலேயே கழுத்து நொடித்தது. இரண்டாவதில் சாந்து கன்னத்தில் வழிந்தது. மேலே கிளெட்டஸ் ஒரு கம்பியை நடு பீமுக்குள் விட்டுக் குத்திக் குத்திக் காற்றை வெளியேற்றினார். குமிழிகள் உடைகிற சத்தம் கீழே வரை கேட்டது. அந்தக் கலவைக்குள் எங்கோ அடியில் அப்பாவின் பிஸ்கட்டுகள், யாரும் இனி பார்க்க முடியாத இடத்தில், கம்பியைக் கட்டைவிரல் அளவு தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மரத்தடியில் கரண்டிச் சத்தம் நின்றிருப்பதைச் சற்றுக் கழித்துத்தான் அவள் கவனித்தாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வெயிலில் மயங்கி விழுந்ததிலிருந்து ஒரு தண்ணீர்க் குடத்தைக்கூட அம்மா அவளைத் தூக்கவிட்டதில்லை. இப்போது திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். அம்மா திட்டவில்லை. கையை இடுப்புத் துணியில் துடைத்து, தலைத்துணியைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு வந்து, அவளுக்கு அடுத்து மேலே நின்றவனை நகரச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் நின்றாள்.

உலோமா நிறைந்த சட்டியை உயர்த்தினாள். அம்மாவின் கைகள் அதைப் பிடித்தன.

“கஞ்சி குடிச்சாரா?”

“இல்ல.”

சட்டி இருவர் கையிலும் இருந்தது.

“எப்ப?” என்றாள் அம்மா.

“மெஷின் நிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி.”

அம்மாவின் விரல்கள் விளிம்பில் வெளுத்தன. சட்டி ஆடவில்லை.

“விடு,” என்றாள். “நான் பிடிச்சுட்டேன்.”

தலையில் ஏற்றி மேலே கொடுத்தாள். காலிச் சட்டி வந்தது. அடுத்தது போனது. சில சட்டிகளுக்குப் பிறகு, எப்போதும் போலவே கணீரென்று அம்மாவின் குரல் எழுந்தது: “என்னடா ஊர்வலம் போறீங்களா? கிழவி நான் தூக்கறேன், உங்களுக்குக் கால் வரலியா? கடைசிச் சட்டி போட்டவனுக்குக் குடிக்க மால்ட் கிடையாது!” சிரிப்பும் கூச்சலுமாக வரிசை வேகமெடுத்தது. உலோமா குனிந்தே இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தகர வீட்டின் ஜன்னலை அம்மாவும் பார்க்கவில்லை.

கிழக்கே இருந்த மேகம் தலைக்கு மேல் வந்து, மனம் மாறி, தெற்கே போனது. வெயில் சாய்ந்து மஞ்சளானபோது மேலேயிருந்து கிளெட்டஸ் கையை உயர்த்தினார். போதும். நடு பீம் நிரம்பி, தளத்தோடு ஒன்றாகியிருந்தது. எங்கும் ஒட்டுக் கோடு இல்லை.

ஆட்கள் சட்டிகளைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். மால்ட் பாட்டில்களை அம்மாவே திறந்து ஒவ்வொருவனுக்கும் கொடுத்தாள். கடைசியாக இறங்கியவனுக்கும் கொடுத்தாள். எவரிஸ்டஸ் நாற்காலியை எடுக்கப் போனார். “அண்ணனைக் கூட்டிட்டு வரட்டுமா அண்ணி?”

“இரு. நான் முதல்ல போறேன்.”

கிளெட்டஸ் தளத்தின் மறு ஓரத்திலிருந்து குனிந்து, மணியாசுக் கட்டையால் தேய்த்துக்கொண்டே பின்னோக்கி வந்துகொண்டிருந்தார். “அம்மா, நாளையிலேர்ந்து தண்ணி கட்டணும். ஓகா கிட்ட மூங்கில் முட்டுகளை மட்டும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. அவசரப்பட்டுக் கழட்டினா போச்சு. நாலு வாரமாவது ஆகும் முன்கூடத்துல நுழைய.”

“காத்திருப்பார்,” என்றாள் அம்மா.

பீப்பாயில் கையைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். பாதங்களையும், நக இடுக்குகளில் இருந்த சிமென்ட்டையும் சுரண்டிக் கழுவினாள். சும்மாட்டை அவிழ்த்து உதறி, தலையில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டாள். உலோமா பின்னால் போக எழுந்தாள். அம்மா கையை மட்டும் பின்னுக்குக் காட்டினாள். அவள் நின்றுவிட்டாள்.

தகர வீட்டின் கதவு திறந்தது. மூடியது.

எவரிஸ்டஸ் உலோமாவைப் பார்த்தார். அவள் கன்னத்தில் காய்ந்திருந்த சாந்தைப் பார்த்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்த கை மெதுவாக விலகியது.

உள்ளேயிருந்து குரல் எழுந்தது.

மரத்தடியில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் தரையில் வைக்கப்பட்டன. யாரோ தொப்பியைக் கழற்றினார்கள். மேலே கிளெட்டஸ் நிமிர்ந்து அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார். அவர் நின்ற இடத்தில் கால்கள் ஈரக் கான்கிரீட்டில் மெல்லப் புதைந்துகொண்டிருந்தன. பிறகு ஒரு காலை எடுத்து ஓரத்துப் பலகையில் வைத்தார், மறுகாலையும் வைத்தார். மண்டியிட்டுக் கையை எட்டும்வரை நீட்டி, கட்டையால் அந்த இரண்டு தடங்களையும் ஒருமுறை தேய்த்தார். இன்னொருமுறை தேய்த்தார்.