செவப்பு மட்டும் வேணாம்

பால்வாடிக்கு விளையாட்டுச் சாமான் எதுவும் வரவில்லை. பயிற்சியில் மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள்: இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்து வேண்டாம், சொரசொரப்பு எது, வழவழப்பு எது, மஞ்சள் எது, சிவப்பு எது என்று கை தெரிந்துகொள்ளட்டும், போதும். கைக்கு வேண்டியதை நான்தான் சேர்த்தேன். கழுவிக் காயவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல், ஒரு முறம் கேப்பை, சல்லடையில் சலித்த மணல், தையல் கடை வெட்டுத்துணி. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு இவற்றையெல்லாம் பஸ்ஸில் சுமந்து வந்ததில் கண்டக்டர் எனக்கு ‘மூட்டை டீச்சர்’ என்று பெயரே வைத்துவிட்டார்.

அம்சவள்ளி மட்டும் எதையும் தொடமாட்டாள். இரண்டரை வயது. வந்த நாளிலிருந்து இரண்டு கைகளையும் இறுக்கி மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். விரலைப் பிரித்துக் கேப்பையை வைத்தால் சுட்டதுபோல உதறுவாள். அவள் அம்மா பாஞ்சாலி மல்லாட்டைக் குடோனில் தோல் உடைக்கிறவள். முன்பு பிள்ளையையும் அங்கேதான் தூக்கிப்போவாள். அந்தத் தூசியில் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. ‘இனிமே குடோன் பக்கமே கொண்டு போகாதே’ என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொன்ன பிறகுதான் என்னிடம் கொண்டுவந்து விட்டாள்.

அன்றைக்கு எனாமல் பேசினில் மஞ்சள் கரைத்து வைத்தேன். சமைக்கிற அஞ்சம்மாளின் வெற்றிலைப் பையிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு வாங்கி அதில் போட்டுக் கலக்கினேன். மஞ்சள் சட்டென்று சிவப்பானது. பிள்ளைகள் கத்திய கத்தலில் அம்சவள்ளி எழுந்து வந்தாள். பேசினையே பார்த்தாள். பிறகு தானாகக் கையைத் திறந்து, மணிக்கட்டு வரைக்கும் தண்ணீரில் விட்டாள். பயந்துவிடப் போகிறாளே என்று நான் மூச்சுக்கூட விடவில்லை.

அப்போதுதான், மத்தியானச் சோற்று வேளையில் பிள்ளையைப் பார்க்கப் பாஞ்சாலி வந்தாள்.

“அய்யய்யோ! இன்னா பண்ணிக்கினு கீற டீச்சர்? ஆரத்தித் தண்ணில எம் பொண்ணு கைய வுட்டுக்கினு கீது!”

“ஆரத்தி இல்லம்மா. சும்மா விளையாட்டுக்கு…”

“மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தா அதுக்கு இன்னா பேரு? உங்க ஊர்ல காப்பியா? கண்டவங்க கண்ணக் கழிச்சி முச்சந்தில ஊத்துற தண்ணி அது. நாங்க மிதிக்கக்கூட மாட்டோம்.”

அஞ்சம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். “சுண்ணாம்பு கேட்டப்ப, நீங்க வெத்தல போடப் பழகிட்டீங்கன்னு நெனச்சேன் டீச்சரம்மா.”

எங்கள் வீட்டிலும் ஆரத்தி உண்டு. தட்டில் இருந்தால்தான் ஆரத்தி, பேசினில் இருந்தால் இல்லை என்று எனக்கு எப்படித் தோன்றியதோ. பாஞ்சாலி முந்தானையால் பிள்ளையின் கையை அழுத்தித் துடைத்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகக் குடோனுக்கு நடந்தாள்.

மூன்றரைக்குப் பூட்டிவிட்டு நான் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போனால்தான் எனக்கு ராத்திரிச் சாப்பாடு. கால் அந்தப் பக்கம் போகவில்லை. குடோனுக்குப் பின்னால் இருந்த பாஞ்சாலி வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அவள் வரும்போது வெயில் கூரை மேல் ஏறிவிட்டது. இடுப்பில் பிள்ளையின் நெஞ்சு கீச்கீச்சென்றது. ஒரு மத்தியானத்துக்கே அப்படி.

“இன்னும் இன்னா வோணும்?” என்றாள். என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்த் தட்டில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தாள். மத்தியானம் பட்ட தோஷத்தைக் கழிக்க வேண்டுமாம். பிள்ளையை வாசலில் நிற்கவைத்தாள். விரலில் சுண்ணாம்பை எடுத்தாள்.

“இப்ப செவப்பு” என்றாள் அம்சவள்ளி.

தண்ணீர் சிவந்தது. “அம்மா, இன்னும் போடு” என்று இரண்டு கையையும் நீட்டினாள். பாஞ்சாலி அவற்றைத் தட்டிவிடப் பிடித்தவள், பிடித்தபடியே நின்றாள். உள்ளங்கை விரிந்திருந்தது.

“கைய தொறந்துக்கினு கீது.”

“மத்தியானமே தொறந்துட்டா” என்றேன்.

அவள் தட்டைப் பிள்ளைக்குச் சுற்றினாள், முச்சந்தியில் ஊற்றிவிட்டு வந்தாள். அடுப்பை மூட்டி மல்லாட்டை அவித்தாள். ஒரு தட்டில் கொட்டி என் முன்னால் வைத்தாள். “தின்னு டீச்சர். நின்னுக்கினே கீற.”

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. பசியில் எனக்குத் தலை சுற்றியது. கையை நீட்ட முடியவில்லை.

பாஞ்சாலி முகம் சுருங்கியது. “எங்க வூட்ல தின்ன மாட்டியா?”

“அய்யோ, அது இல்ல பாஞ்சாலி. நாங்க நயினார் வீடு, சமணம். பொழுது எறங்கிட்டா பல்லுல எதுவும் படக்கூடாது.”

“தண்ணி?”

“தண்ணியும்தான்.”

“இது பெரிய பேஜாரால்ல கீது” என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. “விடிஞ்சா?”

“விடிஞ்சா எது வேணாலும்.”

“பாக்கலாம்.”

பிள்ளையை அனுப்புகிறாளா என்று கேட்க வாய் வரவில்லை. பஸ்ஸில் விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.

மறுநாள் மூட்டையோடு இறங்கி நடந்தபோது, பாஞ்சாலி பால்வாடி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தாள். அவித்த மல்லாட்டை, இன்னும் சூடாக இருந்தது.

“தின்னு. நா பாக்கணும்.”

படியில் உட்கார்ந்து தின்றேன். உடைத்து, பருப்பை வாயில் போட்டு, மென்று. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடோனில் சங்கு ஊதியது.

“ரெண்டு மிச்சம் கீது.”

அதையும் தின்றேன். அதன் பிறகுதான் பிள்ளையை இறக்கிவிட்டாள்.

“நாளைக்கும் வர்றோம். செவப்பு மட்டும் வேணாம் டீச்சர். பச்ச பண்ணு” என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

பச்சைக்கு அவரை இலை பறித்து, அரைத்து, பிழிய வேண்டும். முதல் நாள் அலைச்சலில் கை இரண்டும் கனத்தன. அம்சவள்ளி நான் போட்ட ஈரத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சம்மா, அம்மியக் கழுவுங்க” என்று எழுந்தேன்.